இடம், பொருள், ஏவல்



மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஆற்றலைப் பற்றிப் பேசுவர். வேகத்தைப் பற்றிப் பேசுவர். அது குடிக்கும் எரிபொருளைப் பற்றிப் பேசுவர். இன்று நான் அந்த எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய இடைவெளியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சிலிண்டர் என்னும் இரும்புக் குழாயினுள் பிஸ்டன் என்னும் அலுமினிய உறுப்பு மேலும் கீழும் ஓடுகிறது. அவ்விரண்டுக்கும் நடுவே விடப்படும் சந்து ஏறத்தாழ ஒரு மயிரிழையின் கனந்தான் இருக்கும். அந்த மயிரிழை குறைந்தால் எஞ்சின் ஓடும்போதே இறுகி நின்றுவிடும். மிகுந்தால் எஞ்சின் ஓசையிட்டுத் தேய்ந்து, எண்ணெயைக் குடித்து, காலத்திற்கு முன்பே கிழமாகிவிடும். பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்டும்போது இந்த இடைவெளியை எவ்வாறு வரையறுப்பது என்பதே இன்றைய பேச்சு.

இது எங்கோ மேல்நாட்டுப் பந்தயக்காரர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று நாஞ்சில் நாட்டு மாணவர்கள் கருத வேண்டா. நம் நாட்டின் வாழ்வு நெடுங்காலம் எஞ்சினை நம்பி நடந்த வாழ்வு. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சால்ட்டர் என்பவர் அதன் மேற்பார்வையாளர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் தடம், தொடக்கத்திலேயே அந்த வண்டிகள் ஓடிய தடம். அவற்றை இழுத்தவை இங்கிலாந்திலிருந்து வந்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல்தான். திருநெல்வேலியோடு இருப்புப்பாதை இணைந்தது 1981-ல்தான். அதுவரை கல்லூரிக்குப் போகும் மாணவனும், மருத்துவமனைக்குப் போகும் நோயாளியும், சந்தைக்குப் போகும் வாழைத்தாரும் பெரும்பாலும் சாலையையே நம்பியிருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு பேருந்தின் எஞ்சின் இறுகி நின்றால், அதில் இருந்தவர் அனைவருடைய அன்றைய அலுவலும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே, இந்த மயிரிழை நம் முன்னோரின் வாழ்வில் ஓடிய இழைதான்.

முதலில், இடைவெளி ஏன் வேண்டும் என்று பார்ப்போம்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூருக்கு அருகில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்ட ஹெரால்டு காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 63 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒரு வீச்சில் கடக்கும் தொலைவு 76 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 4000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடியில் 66 முறைக்கு மேல் ஏறி இறங்குகிறது. சராசரியாக நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் சிலிண்டர்ச் சுவரை உராய்ந்து செல்கிறது. உலோகமும் உலோகமும் இந்த வேகத்தில் நேருக்கு நேர் தொட்டால் சில நொடிகளில் ஒன்றையொன்று கிழித்துவிடும். அவற்றைப் பிரித்து வைத்துக் காப்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் குடியிருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடமே நாம் பேசும் இடைவெளி.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இடைவெளி இருந்தால் எரிவாயு அதன் வழியே தப்பிவிடாதோ? தப்பாது. வாயுவை அடைத்து நிறுத்துவது பிஸ்டன் அன்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள வரிப்பள்ளங்களில் அமர்ந்து சுவரை அழுத்தி நிற்கும் ரிங்குகள். பிஸ்டனின் கீழ்ப்பகுதியை மெக்கானிக்குகள் 'ஸ்கர்ட்' என்பர். நாம் பாவாடைப் பகுதி எனலாம். பிஸ்டன் சாயாமல் நேராக ஓடுமாறு வழிநடத்துவது அதன் வேலை. இடைவெளி கணக்கிடப்படுவதும் அங்கேதான்.

எண்ணெய்ப் படலத்திற்கு மட்டும் இடம் விட்டால் போதும் என்றிருந்தால் காரியம் எளிதாக முடிந்திருக்கும். வெப்பம் என்ற ஒன்று நடுவே வந்து கணக்கை மாற்றிவிடுகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை ஏற்றுவதை உங்கள் பாட்டனார் கண்டிருப்பார். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாக வளைத்த பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். அது விரிந்து சக்கரத்தின்மேல் எளிதாக இறங்கும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி, ஆணி வேண்டாதபடி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கொல்லர் எந்தப் பாடநூலும் படித்தவர் அல்லர். ஆனால் இரும்பு சூட்டில் எவ்வளவு வளரும் என்பது அவர் கைக்குத் தெரியும். எஞ்சினுக்குள் நடப்பதும் இதே வளர்ச்சிதான். ஆனால் அங்கே வளர்பவர் இருவர். இருவரும் ஒரே அளவாக வளர்வதில்லை.

பழங்காலத்தில் பிஸ்டனும் வார்ப்பிரும்பே, சிலிண்டரும் வார்ப்பிரும்பே. இருவரும் ஓரினம், ஆகவே இடைவெளியும் குறைவாகவே போதுமானது. 1913-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த டபிள்யூ. ஓ. பென்ட்லி, தாம் விற்றுவந்த கார்களைச் செய்யும் பிரெஞ்சுத் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே மேசையின்மேல் தாள் பறக்காமல் வைத்திருந்த அலுமினியக் கட்டி ஒன்று அவர் கண்ணில் பட்டது. இவ்வளவு இலேசான உலோகத்தால் பிஸ்டன் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். பின்னர், முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் எஞ்சின்களிலும் அவருடைய அலுமினியப் பிஸ்டன் இடம் பெற்றது. இலேசான பிஸ்டன் விரைவாக ஓடியது. வெப்பத்தையும் விரைவில் கடத்தியது. ஆனால் அதனுடன் ஒரு புதிய தொல்லையும் வந்தது. அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களும் உடன் போடலாம். பிஸ்டன் செய்யும் அலுமினியக் கலவை, வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போது, பத்து லட்சத்தில் ஏறக்குறைய 20 பங்கு விரிகிறது. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 11 பங்கு. காலையில் வண்டி நிற்கும்போது இரண்டும் 30 டிகிரி. ஊருக்குள் மெல்ல ஓடும்போது பாவாடைப் பகுதி 100 டிகிரியும், சிலிண்டர்ச் சுவர் 80 டிகிரியும் அடைவதாகக் கொள்வோம். 63 மில்லிமீட்டர்ப் பிஸ்டன் 0.088 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும். சிலிண்டரின் உள்விட்டம் 0.035 மில்லிமீட்டர் அகன்றிருக்கும். வேறுபாடு 0.053. அதாவது, குளிர்ந்த நிலையில் நாம் விட்ட இடைவெளியில் அவ்வளவும் போய்விட்டது. இனி, நெடுஞ்சாலையில் எஞ்சின் நன்றாகக் காய்ந்து, பாவாடை 150 டிகிரியும் சுவர் 110 டிகிரியும் ஆனால் என்னவாகும்? அதே கணக்கு 0.096 என்று விடை தரும். முன்னதைவிட ஏறக்குறைய இருமடங்கு! ஊருக்குள் போதுமாக இருந்த இடம், சாலையில் போதாமல் போகும் கதை இதுதான். மெய்யான பிஸ்டன் வளைந்தும் நெளிந்தும் கொடுக்கும். ஆதலின் இந்தக் கணக்கு வழிகாட்டியே அன்றி விதி அன்று. ஆயினும், அபாயம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அது தெளிவாகக் காட்டிவிடுகிறது.

கணக்கிலிருந்து இனி ஒரு வண்டிக்கு வருவோம்.

நாகர்கோவிலில் என் நண்பர் ஒருவரிடம் அவருடைய தந்தையார் வாங்கிய பழைய ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. ஹெரால்டு ஒரு குடும்பக் காரே. ஆனால் அதன் எஞ்சின் வழியில் வந்ததுதான், 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும். உள்விட்டத்தை 69.3 மில்லிமீட்டராக அகற்றி, 1147 கன சென்டிமீட்டர் கொள்ளளவாக்கி, அந்த இலேசான வண்டியில் பொருத்தினார்கள். ஸ்பிட்ஃபயரை இன்று உலகெங்கும் பழைய கார் அன்பர்கள் போற்றிக் காக்கிறார்கள். அதன் உறவினரை என் நண்பர் இங்கே காக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த எஞ்சினை ஒரு பட்டறையில் பிரித்துக் கட்டினார்கள். பட்டறையின் பெயர் நமக்கு வேண்டா. புதிய பிஸ்டன்கள் வாங்கப்பட்டன. சிலிண்டர்கள் அறுத்துப் பெரிதாக்கப்பட்டன. இடைவெளி ஒரு பழைய குறிப்பேட்டில் கண்டபடி விடப்பட்டது. ஊருக்குள் வண்டி மிக இனிமையாக ஓடிற்று. ஆடி மாதத்தில் ஒரு நாள் நண்பர் குடும்பத்துடன் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். ஆரல்வாய்மொழியைத் தாண்டி, முப்பந்தலின் காற்றாலைகளைக் கடந்து சென்றபோது வண்டி தானாகவே வேகம் குறைந்தது, ஒரு கீச்சொலி எழுந்தது, எஞ்சின் நின்றது. அரை மணி நேரம் ஆறிய பின் மீண்டும் இயங்கியது. ஆனால் புகையோடு இயங்கியது.

பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன்களின் பாவாடையில் அலுமினியம் இழுபட்டுப் பூசினாற்போல் சுவரில் ஒட்டியிருந்தது. சிலிண்டர்களை மறுபடியும் அறுத்தே ஆக வேண்டும். ஆனால் சிலிண்டரை விரும்பியபடியெல்லாம் அறுக்க இயலாது. பெரிதாக்கிய பிஸ்டன்கள், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்று படிப்படியாகவே கிடைக்கும். ஒவ்வொரு படிக்கும் சிலிண்டர்ச் சுவர் மெலிகிறது. இந்த எஞ்சினில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு படி. அதுவும் தவறினால் உள்ளே லைனர் இறக்க வேண்டும். இல்லையேல் அந்த பிளாக்கை இரும்புக் கடைக்கு எடை போட வேண்டும். ஹெரால்டு உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு ஆகிவிட்ட நிலையில் வேறொரு பிளாக்கை எங்கே தேடுவது? இந்த நெருக்கடியில்தான் நாங்கள், பாலிடெக்னிக் மாணவர் இருவரும் நானும், வேலையை ஏற்றோம்.

முன்பு நேர்ந்த தவறு என்ன? அந்தக் குறிப்பேட்டின் எண் பொய்யன்று. ஆனால் அது வேறொரு பிஸ்டனுக்கு உரிய எண். நம் பெரியோர் 'இடம், பொருள், ஏவல் அறிந்து பேசு' என்பர். பேச்சுக்கு மட்டுமன்று, அளவுக்கும் இது பொருந்தும். எந்த இடத்தில் எடுத்த அளவு? எந்தப் பொருளுக்கு உரிய அளவு? எந்த ஏவலுக்காக, அதாவது எந்த வேலைக்காக, வகுத்த அளவு? இம்மூன்றும் அறியாத எண் வெறும் எண்ணே.

முதலில் இடம். பிஸ்டனைப் பார்ப்பவர் அதை உருளை என்றே எண்ணுவர். அது உருளை அன்று. அதன் தலை எரியும் வாயுவுக்கு நேரே நிற்பதால் 250 டிகிரி வரை கூடக் காயலாம். நம் கணக்கின்படி, அந்த வெப்பத்தில் 63 மில்லிமீட்டர் உலோகம் 0.28 மில்லிமீட்டர் வளரும். ஆகவே தலையைச் சிறுத்தும் அடியைப் பெருத்தும் செய்கிறார்கள். அன்றியும், கட்ஜன் பின் என்னும் குறுக்குத் தண்டு செல்லும் பக்கத்தில் உலோகம் தடித்திருப்பதால், அப்பக்கம் அதிகமாக வளரும்; எனவே அந்தத் திசையில் குறுக்கியும், அதற்குச் செங்குத்தான திசையில் அகற்றியும், முட்டை வடிவாகக் கடைகிறார்கள். எஞ்சின் முழுச் சூட்டை அடையும்போதுதான் பிஸ்டன் தன் உரிய உருவத்தை அடைகிறது. எனவே பிஸ்டனை, பின்னுக்குச் செங்குத்தாக, பாவாடையில், செய்தவர் குறித்த உயரத்தில்தான் அளக்க வேண்டும். வேறிடத்தில் மைக்ரோமீட்டரை வைத்தால், கருவி சரியாகவே காட்டும். அளவு தவறாகவே இருக்கும்.

சிலிண்டரும் அப்படியே. ஓடித் தேய்ந்த சிலிண்டர் மேலே, முதல் ரிங் திரும்பும் இடத்தில் மிகுதியாகத் தேய்ந்திருக்கும். அடியில் குறைவாகத் தேய்ந்திருக்கும். பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கம் அதிகமாகவும், மற்றப் பக்கம் குறைவாகவும் தேயும். ஆகவே மேல், நடு, கீழ் என்ற மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில், ஆக ஆறு அளவுகள் எடுக்கிறோம். அந்த ஆறும் ஒத்தால்தான் சிலிண்டர் வட்டமாகவும் நேராகவும் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

இடம் என்பதில் வெப்பநிலையும் அடங்கும். சிலிண்டர் அறுக்கும் பட்டறையில் நாற்பதாண்டு அனுபவமுள்ள ஓர் ஆசான் இருந்தார். எங்கள் மாணவன் வாசலில் நின்ற வண்டியிலிருந்து பிஸ்டன் பெட்டியை எடுத்து வந்து, உடனே அளக்க மைக்ரோமீட்டரைத் திறந்தான். ஆசான் அவன் கையைப் பிடித்து, "வெயிலில் கிடந்ததை அளக்காதே மக்களே, அது இப்போது பொய் சொல்லும்" என்றார். அன்று மாலை நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். வெயிலில் 55 டிகிரி ஏறிய பிஸ்டன், நிழலில் 28 டிகிரியில் இருந்ததைவிட 0.034 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். நாம் விட விரும்பும் இடைவெளியில் அது பெரும்பங்கு! அதை நம்பி அறுத்தால் சிலிண்டர் அவ்வளவும் அகன்றுபோகும்; அறுத்த இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது. உலகெங்கும் நீள அளவுகளுக்குப் பொது வெப்பநிலையாக 20 டிகிரி வகுக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பட்டறையில் அந்தக் குளிர்ச்சி கிடைப்பது அரிது. ஆனால் பிஸ்டன், பிளாக், அளவுகோல் மூன்றையும் ஓரிரவு ஒரே அறையில் வைத்துவிட்டு, காலையில் அளந்தால் போதும். மூன்றும் ஒரே வெப்பத்தில் இருக்கும்போது எஞ்சும் பிழை மிகச் சிறிது.

இரண்டாவது பொருள். இச்சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் என்றும், திரவியம் என்றும் இரு பொருள் உண்டு. இங்கே திரவியத்தையே கொள்கிறேன். அலுமினியம் என்பது ஒரே உலோகம் அன்று. சிலிக்கன் மிகுதியாகக் கலந்தால் விரிவு குறையும். அச்சில் ஊற்றி வார்த்த பிஸ்டன்கள் பெரும்பாலும் இவ்வகை. பந்தயத்திற்காக அடித்து உருவாக்கும் பிஸ்டன்களில் வலிமையை வேண்டிச் சிலிக்கனைக் குறைத்த கலவைகளைக் கையாள்வது உண்டு. அவை மிகுதியாக விரியும். ஆகவே மிகுதியான இடைவெளி கேட்கும். கலவை மட்டுமன்றி அமைப்பும் பேசும். சில பழைய பிஸ்டன்களின் பாவாடையில் ஒரு நீண்ட பிளவு இருக்கும். சூட்டில் உலோகம் வளரும்போது பிளவு ஒடுங்கி இடங்கொடுக்கும். ஆதலால் அவற்றைச் சிற்றிடைவெளியில் பொருத்தலாம். வேறு சிலவற்றில் எஃகுத் தகட்டை உள்ளே பதித்து விரிவைக் கட்டுப்படுத்துவர்.

நண்பரின் எஞ்சினில் முதலில் இருந்தவை பிளவுடைய பிஸ்டன்கள். பின்னர் வாங்கிப் போட்டவை பிளவில்லாத, வலிய, முழுப் பாவாடைப் பிஸ்டன்கள். குறிப்பேட்டின் எண் முன்னவற்றுக்கு உரியது. பட்டறையார் உறுப்பை மாற்றினர், எண்ணை மாற்றவில்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றிய இரு பொருள்களுக்கு நடுவே இருந்த வேறுபாடே முப்பந்தலில் வண்டியை நிறுத்தியது.

மூன்றாவது ஏவல். எஞ்சினுக்கு நாம் இடும் வேலை எது? இதற்கு ஸ்டாண்டர்ட் கம்பெனியின் வரலாற்றிலேயே ஓர் அழகிய சான்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கம்பெனி செய்த ஒரே எஞ்சின் குடும்பம், ஃபெர்குசன் டிராக்டரில் வயலை உழுதது, வான்கார்டு என்னும் குடும்பக் காரில் மக்களை ஏற்றிச் சென்றது, டிரையம்ப் டி.ஆர். 2 என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் பந்தயம் ஓடியது. வான்கார்டில் உள்விட்டம் 85 மில்லிமீட்டர், டி.ஆர். 2-ல் அதை 83 ஆக்கினர். 1953 மே மாதத்தில் பெல்ஜியத்து ஜப்பெகே நெடுஞ்சாலையில் அந்தக் கார் மணிக்கு 124 மைலுக்கு மேல் ஓடிற்று. வான்கார்டு கார் நம் சென்னையிலும் பூட்டி விற்கப்பட்டது. உழுபவனுக்கும் ஓடுபவனுக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின். ஆனால் உழவில் நிதானமான சூடு, பந்தயத்தில் கடுஞ்சூடு. பந்தய எஞ்சினைக் கட்டுவோர் சற்று மிகுதியான இடைவெளி விடுவதும், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எழும் சிறு தட்டொலியைப் பொறுத்துக்கொள்வதும் இதனால்தான்.

நம் ஊரின் ஏவல் எது? அதை ஆரல்வாய்மொழிக் காற்று சொல்லும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று கணவாயில் நெருங்கிப் பாய்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் வண்டிக்கு அது முதுகுக் காற்று. முதுகுக் காற்று நல்லதுதானே, வண்டியைத் தள்ளுமே என்பீர்கள். தள்ளும், ஆனால் ரேடியேட்டரைக் குளிர்விக்காது. மணிக்கு 50 கிலோமீட்டர் செல்லும் வண்டியின் பின்னால் 40 கிலோமீட்டர்க் காற்று வீசினால், ரேடியேட்டரின் முகத்தில் படும் காற்றின் வேகம் பத்தே கிலோமீட்டர். அதன்பின் எஞ்சினைக் காப்பது விசிறி ஒன்றே. கணவாயைத் தாண்டினால் நாஞ்சில் நாட்டின் பசுமையும் குளிர்ச்சியும் பின்னே தங்கிவிடும். எதிரே வறண்ட நிலமும் வெயிலும். அன்று நண்பரின் எஞ்சின் ஊருக்குள் கண்டிராத சூட்டைக் கண்டது அங்கேதான். இங்கே ஓடும் வண்டிக்கு இடைவெளி வகுப்பவர் இந்தச் சாலையையும் இந்தக் காற்றையும் நினைவில் வைத்தே வகுக்க வேண்டும்.

இனி, நாங்கள் செய்த முறையைச் சுருங்கச் சொல்கிறேன். முதலில் பிஸ்டன்களை வாங்கினோம். பிறகே சிலிண்டரை அறுக்கக் கொடுத்தோம். இந்த வரிசை முக்கியமானது. பெட்டியின்மேல் அச்சிட்ட அளவை நம்பிச் சிலிண்டரை அறுத்துவிட்டுப் பின்னர்ப் பிஸ்டன் தேடுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்றது. நான்கு பிஸ்டன்களையும் அளந்து, ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்டு, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தச் சிலிண்டர் என்று எழுதி வைத்தோம். பிஸ்டன் செய்தவர் தந்த தாளில், இந்த அமைப்புக்கு உரிய இடைவெளியும், அளக்க வேண்டிய உயரமும் குறிக்கப்பட்டிருந்தன. அந்த எண்ணை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களுள் ஒருவர் அதை நாளை வேறோர் எஞ்சினில் கையாளக்கூடும். முந்திய பட்டறையில் நடந்ததும் அதுதானே!

ஆசான் சிலிண்டரைக் கடைசி அளவு வரை அறுக்கவில்லை. இறுதியில் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை மீதம் வைத்தார். அதைச் சாணைக்கல் பொருத்திய ஹோனிங் கருவியால் மெல்லத் தேய்த்தார். கருவி சுழன்றுகொண்டே ஏறி இறங்குவதால் சுவரில் கோலத்தைப் போலக் குறுக்கும் நெடுக்குமான நுண்ணிய கோடுகள் விழுகின்றன. எண்ணெய் தங்குவது அந்தக் கோடுகளில்தான். தேய்க்கும்போது சிலிண்டர் சூடேறும். ஆகவே ஆசான் இடையிடையே நிறுத்தி, ஆறவிட்டு, அளந்து, பின்னரே தொடர்ந்தார். நான்கு சிலிண்டருக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. பிறகு பிளாக்கைச் சோப்பும் வெந்நீரும் இட்டுப் பலமுறை கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை படாத வரையில் மீண்டும் மீண்டும் கழுவி, உடனே எண்ணெய் பூசினோம். கல்லின் பொடி ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும், இத்தனை கவனத்தோடு விட்ட இடைவெளியை அது சில நாளில் அரித்துவிடும்.

கட்டி முடித்த எஞ்சினை உடனே விரட்டலாகாது. முதல் சில நூறு கிலோமீட்டர்கள் மிதமான வேகத்தில், ஒரே வேகத்தில் நிலைக்காமல், ஏற்றியும் இறக்கியும் ஓட்ட வேண்டும். ரிங்குகளும் சுவரும் ஒன்றோடொன்று பழகும் காலம் அது. பின்னர், காலையில் எஞ்சினை இயக்கியதும் செவி கொடுத்துக் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மெல்லிய தட்டொலி எழுந்து, சூடேறியதும் மறைந்தால், பிஸ்டன் தன் உருவத்தை அடைந்துவிட்டது என்று பொருள். சூடேறியும் மறையாவிடில் இடைவெளி மிகுந்திருக்கலாம், ஆராய வேண்டும். இறுக்கமும் தளர்ச்சியும் ஆகிய இரண்டும் குற்றமே எனினும், இரண்டும் ஒரே தரத்துக் குற்றம் அல்ல. தளர்ந்த எஞ்சின் ஓசையிட்டு நம்மை எச்சரிக்கும். பல நாள் பொறுத்திருக்கும். இறுகிய எஞ்சினோ முன்னறிவிப்பின்றி நடுவழியில் நம்மைக் கைவிடும்.

அந்தக் கார் அடுத்த ஆடியில் திருநெல்வேலிக்குச் சென்று திரும்பியது. அதன்பின் பலமுறை சென்று வந்திருக்கிறது.

மாணவர்களே, உங்களுள் எல்லாரும் எஞ்சின் கட்டப்போவதில்லை. ஆனால் எல்லாரும் எண்களோடு வாழப்போகிறீர்கள். மருந்தின் அளவு, உரத்தின் அளவு, பாலத்தின் பாரம், பரிசோதனைக் கூடத்தின் முடிவு என்று வாழ்நாள் முழுவதும் எண்கள் உங்கள் கைக்கு வந்துகொண்டே இருக்கும். பிறர் சொன்ன எண்ணை வாங்கிக்கொள்வது எளிது. அது எந்த இடத்தில் அளந்தது, எந்தப் பொருளுக்கு உரியது, எந்த ஏவலுக்கு வகுத்தது என்று கேட்பதற்குச் சற்றே நேரமும், சில வேளைகளில் சற்றே துணிவும் வேண்டும். கேட்பவரைச் சிலர் நச்சரிப்பவர் என்பர், பொருட்படுத்தாதீர்கள். நம் ஊர்ப் பட்டறைகளில், கரிபடிந்த கைகளோடு, வெயிலில் கிடந்த பிஸ்டனை அளக்காதே என்று சொல்லும் ஆசான்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய கை அறிந்ததை உங்கள் கணக்கு விளக்கும். உங்கள் கணக்குக்கு எட்டாததை அவர்களுடைய கை உணர்த்தும். விடுமுறை நாளில் ஒருமுறை அவர்கள் அருகில் போய் நின்று பாருங்கள். மைக்ரோமீட்டரைப் பிடிக்கும் முறையோடு, அதைப் பிடிக்கும்முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் உங்களுக்குக் கற்றுத் தருவார்கள்.